முந்நூற்றுப் பத்து மீட்டர்

அரசு ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமர நிழலுக்குப் போய் நின்றுகொண்டு, செல்போன் திரையை முந்தானையால் மறைத்துப் பார்த்தாள் குணசுந்தரி. வெயிலில் ஒன்றும் தெரியவில்லை, முதலில் அவள் முகம்தான் தெரிந்தது, அப்புறம் முகத்துக்குள்ளிருந்து தெருக்கள் மெதுவாக மேலே வந்தன, அதன்மேல் நீலப் புள்ளிகள் எறும்பு வரிசை மாதிரி ஆஸ்பத்திரியில் தொடங்கித் தெற்குத் தெருவுக்குள் இறங்கி, பூந்தோட்டச் சந்துக்குள் திரும்பி, நேராகப் போய் காலனித் தண்ணீர்த்தொட்டியில் முட்டி நின்றன. முந்நூற்றுப் பத்து மீட்டர். நடந்தால் நான்கு நிமிடம். புள்ளிகளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நகராட்சியில் ‘நடந்தே போகலாம்’ என்று ஒரு திட்டம் வந்திருந்தது, ஊர் முழுக்க நாற்பத்திரண்டு இடத்தில் நீலப் பலகை நட்டு, பஸ் ஸ்டாண்ட் இத்தனை மீட்டர், ரயில் நிலையம் இத்தனை நிமிடம் என்று நடக்கிற மனிதன் படத்தோடு எழுதப் போகிறார்கள். உதவிப் பொறியாளர் ரியாஸ் எங்கும் போகாமல் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து, வானத்திலிருந்து எடுத்த படத்தின்மேல் இங்கே ஒரு சொடுக்கு அங்கே ஒரு சொடுக்கு என்று நாற்பத்திரண்டு தூரத்தையும் ஒரே நாளில் அளந்துவிட்டான். ஆனால் யாராவது ஒருவர் நடந்து பார்த்து, ‘நேரில் நடந்து சரிபார்க்கப்பட்டது’ என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த யாராவது, வரைவாளர் இ. குணசுந்தரி. நாற்பத்தோரு பலகைக்கு நடந்து முடித்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது இருபத்தேழாம் எண், காலனித் தண்ணீர்த்தொட்டியிலிருந்து அரசு ஆஸ்பத்திரி. பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் பெயிண்டருக்குப் போகணும் மேடம், நான் கூப்பிடுறேன் என்றிருந்தான் ரியாஸ். இருபத்தாறு முடிந்து இருபத்தெட்டுக்கு ஏன் தாண்டினோம், அன்றைக்கு மழை வருகிற மாதிரி இருந்ததா, செருப்பு அறுந்ததா, அவளுக்கே நினைவில்லை. மணி பதினொன்று ஐந்து.

நடக்கத் தொடங்கினாள். திரையில் அவள் ஒரு நீல உருண்டை, உருண்டை நகர நகர எண் குறைந்தது, முந்நூறு, இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு, பிறகு சும்மா நிற்கும்போதே இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று ஏறிக்கொண்டது. அது அப்படித்தான் மேடம், நாலஞ்சு மீட்டர் ஆடும், சாட்டிலைட் இல்லையா என்று ரியாஸ் சொல்லியிருக்கிறான். பழைய நாளில் சங்கிலி போட்டு அளந்தபோது தரை ஆடவில்லை, இழுத்துப் பிடித்திருந்த கைதான் ஆடியது. இப்போது எது ஆடுகிறது? பெட்டிக்கடை, டெய்லர் கடை, பூட்டிய மரக்கடை. தெற்குத் தெரு அவள் பிறந்த தெரு. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஊரின் மறுகோடியில் இருந்துகொண்டு, பொங்கலுக்கும் அப்பா திதிக்கும் மட்டும் இந்தத் தெருவுக்குள் நுழைகிறவளுக்கு, இன்று கையில் போனைப் பிடித்து மீட்டர் எண்ணிக்கொண்டு வருவது யாரோ ஒருத்தியின் தெருவுக்குள் வருகிற மாதிரி இருந்தது. இருநூற்று நாற்பது. இதே வழியில்தான் அவள் மகள் வினோதினியைப் பெற நடந்தாள். வலி எடுத்ததும், பக்கம்தானடி, ஆட்டோ எதுக்கு, நடந்தா நல்லது என்று அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள், வழியில் டெய்லர் கடைக்காரர் எழுந்து நின்று வழிவிட்டார், வலி இரண்டு தடவைதான் வந்தது, மூன்றாவது வருவதற்குள் ஆஸ்பத்திரி. எத்தனை மீட்டர் இருந்திருக்கும், இருநூற்றைம்பது? மூன்று வலிக்குள் அடங்கிய தூரம். அதையும் பலகையில் எழுதலாம், நடக்கிற ஆள் படத்துக்குப் பதிலாக. என்ன நினைப்பு இது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். வலப்பக்கம் திரும்பவும் என்றது போன், தமிழை யாரிடமோ அவசரமாகக் கற்றுக்கொண்டு வந்த பெண் குரலில். பூந்தோட்டச் சந்து. பூவும் இல்லை தோட்டமும் இல்லை, பன்னிரண்டு வீடு, கடைசி வீடு அப்பாவுடையது, இப்போது அண்ணன் ஜெகதீசன் இருக்கிறார். அதற்கு அப்புறம் சந்து எங்கே போகிறது என்று சின்ன வயதில் யாராவது கேட்டிருந்தால், போகாது, அங்கேயே முடிஞ்சிரும் என்றுதான் சொல்லியிருப்பாள், ஊரே அங்கேதான் முடிகிறது என்று அவள் நிஜமாகவே நம்பியிருந்தாள்.

நேராகச் செல்லவும் என்றது போன். முன்னால் சுவர் நின்றது. எட்டடி உயரம், மேலே கண்ணாடிச் சில்லு பதித்து, பாசி பிடித்துக் கறுத்த சுவர், சந்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. சுவர் இருப்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ரியாஸைத் தவிர நகராட்சியில் எல்லோருக்கும் தெரியும், அவன் வெளியூர், வந்து ஏழு மாதம் ஆகிறது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் அண்ணன் வீட்டுப் புங்கமரம் கிளை விரித்துச் சுவரை மூடியிருக்கிறது, பச்சையாக ஒரு வட்டம், அவ்வளவுதான். நகராட்சி வரைபடத்தில் சந்து இருபதடி அகலப் பொதுப்பாதை, சுவர் இல்லை. அந்த வரைபடத்தைப் பதினாறு வருஷத்துக்கு முன்னால் புதுத்தாளில் திருத்தி வரைந்தவள் குணசுந்தரி. இரண்டு இணைகோடு, அளவுகோலை வைத்து இழுத்தாள், கை நடுங்கவில்லை. ஆவணத்தில் இல்லாததை நான் எப்படி வரைவேன் என்று அன்றைக்கு நினைத்தாளா, அல்லது ஒன்றுமே நினைக்கவில்லையா? ஒன்றும் நினைக்கவில்லை என்றுதான் தோன்றியது. அப்படியானால் ரியாஸுடைய கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை, அவள் வரைந்ததைத்தான் திருப்பிச் சொல்கிறது. நேராகச் செல்லவும். நேராகச் செல்லவும். அவள் இன்னும் நாலடி நடந்தாள். நடந்தால் ஒருவேளை, என்று ஒரு கணம், வெட்கக்கேடு, நிஜமாகவே அப்படி ஒரு எண்ணம் வந்தது.

“என்ன குணா, போனைப் பாத்துக்கிட்டே செவுத்துல முட்டப் போற?”

அண்ணன். பனியனும் லுங்கியுமாக வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். பலகை விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரித்தார்.

“முந்நூறுன்னு எழுது, மூவாயிரம்னு எழுது. அங்க பலகை வச்சா நமக்கென்ன? உள்ள வா, மோர் குடி. மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்கு.”

“வேணாம்ணே, நேரமாச்சு.” சுவரைப் பார்த்தபடியே கேட்டாள், கேட்கப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாமல். “அண்ணே, இதுல ஒரு கதவு இருந்துச்சுல்ல?”

“கதவா? இதுலயா?” குச்சி வாயிலேயே நின்றது. “அங்க ஏது கதவு. கட்டுனதுலருந்து செவுருதான்.”

அம்மாவும் அன்றைக்கு இதே சொற்களைத்தான் சொன்னாள், இதே ஏற்ற இறக்கத்தில். வீட்டில் ஒரே நூலை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்திருந்த மாதிரி.

குணசுந்தரிக்கு அப்போது பன்னிரண்டு வயது. முழுப்பரீட்சை லீவு. மத்தியானம், வீட்டில் யாரும் இல்லை, எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள், அவளுக்கு அம்மை போட்டு இறங்கியிருந்ததால் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தகரத்தில் தட்டுகிற சத்தம். முதலில் பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார்கள் என்று நினைத்தாள். பிறகு குரல். ஆரும் இருக்கீகளா, தாயீ, கதவத் தெறங்க, பிள்ளைத்தாச்சிய கூட்டியாந்திருக்கோம். அதற்குக் கீழே இன்னொரு குரல், சொல் இல்லாத குரல், மாட்டைப் போல. சுவர்க் கதவின் சாவி எங்கே தொங்கும் என்று அவளுக்குத் தெரியும், காலண்டருக்குப் பின்னால் ஆணியில். எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சாவி பெரியது, உள்ளங்கை வேர்வையில் இரும்பு வாசனை வந்தது. அப்பாவைக் கேக்காம யாரும் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்களா, அல்லது அப்படிச் சொல்லாமலே தெரிந்திருந்ததா? சுவர்ப் பக்கமாகப் போய் நின்று, சாவியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மறைத்து என்ன, கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரியவா போகிறது, சாவி இல்ல என்றாள். தன் குரல் அவ்வளவு தெளிவாக வந்ததுதான் அவளுக்கு ஆச்சரியம். அந்தப் பக்கம் தட்டுவது நின்றது. பிறகு செருப்பில்லாத கால்கள் தூரமாகப் போகிற சத்தம். சாயங்காலம் அம்மாவிடம் சொன்னபோது அம்மா பூவைத் தலையிலிருந்து எடுத்தபடி, அங்க ஏதுடி கதவு, வெயில்ல தூங்கி எந்திரிச்சு உளறாத என்றாள். அதற்கப்புறம் ஸ்கூல் திறந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். காலாண்டு லீவுக்கு வந்து பார்த்தபோது சுவரில் கதவு இல்லை. பழைய சுண்ணாம்பு மாதிரியே சுண்ணாம்பு அடித்து, ஒரே சுவர். அப்படியானால் கனவுதான். அம்மைக் காய்ச்சலில் வந்த கனவு. ஆனால் கனவில் இரும்பு வாசனை வருமா? முப்பத்தாறு வருஷமாக இந்த ஒரு இடத்துக்கு வந்ததும் நினைப்பு ஆணியில் மாட்டிய சேலை மாதிரி நின்றுவிடும், மேலே இழுத்தால் கிழியும், விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள். இப்போது அண்ணன் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவள் சுவரை ஒட்டிப் போய்ப் பாசியைக் கையால் தடவினாள். மூன்றடி அகலம், ஆறடி உயரத்துக்கு, செங்கல் இல்லை, சாம்பல் நிறக் கல். பூச்சு விட்டுப்போன இடத்தில் பட்டையாகத் தெரிந்தது. கதவின் அளவு. நிம்மதி வர வேண்டும் என்று நினைத்தாள், பார்த்தாயா, உளறவில்லை, புத்தி நன்றாகத்தான் இருந்திருக்கிறது. வந்தது நிம்மதி இல்லை. கனவாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

“கையெல்லாம் அழுக்காக்கிட்டு… என்னத்தப் பாக்குற?” என்றார் அண்ணன்.

“நீங்க அன்னைக்குக் கல்யாணத்துக்குப் போனீங்கள்ல?” என்றாள். எந்தக் கல்யாணம் என்று அவர் கேட்டார். அவள் திரும்பி நடந்தாள்.

சந்தை விட்டு வெளியே வந்து, தெற்குத் தெருவின் முனைக்குப் போய், தெப்பக்குளக் கரையைப் பிடித்து, ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கமாகவே சுற்றித்தான் காலனிக்குப் போக முடியும். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து இந்தச் சுற்று எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால் ஆஸ்பத்திரியிலிருந்தே தொடங்க வேண்டும், அதனால் மறுபடி ஆஸ்பத்திரிக்கே போய், போனில் அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி புறப்பட்டாள். மணி பதினொன்று இருபத்தைந்து. போன் விடவில்லை. திரும்பிச் செல்லவும் என்றது. தெப்பக்குளக் கரையில் ஏறும்போது, வலப்பக்கம் திரும்பவும், வலப்பக்கம் என்றால் சந்து, சந்து என்றால் சுவர். கேட்டுப் பக்கம் வரும்போது, வழி மாற்றப்படுகிறது என்றது, மாற்றிவிட்டு மறுபடி அதே சந்தைக் காட்டியது. ரொம்ப நல்லவர்கள் இப்படித்தான் இருப்பார்கள், ஒரு தடவை நம்பிவிட்டால் எத்தனை தடவை சொன்னாலும் அதையே சொல்வார்கள். ஐந்நூறு. அறுநூற்று இருபது. கரையில் நிழல் இல்லை, கருவேல முள், உடைந்த பாட்டில், குளத்தில் தண்ணீர் இல்லை. சேலைக்குள் தொடை உரசி எரிந்தது. நாற்பத்தெட்டு வயது, கையில் ஒரு போனும் ஒரு கைப்பையும், வயிற்றில் ஒன்றும் இல்லை, இதற்கே மூச்சு வாங்குகிறது. அந்தக் கால்கள் இந்தக் கரையில்தான் நடந்திருக்கும். எத்தனை வலி ஆகும் இதற்கு? மூன்றுக்கு மேல் எண்ணத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று? ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். மாட்டுவண்டி கிடைத்திருக்கும். சேர்ந்திருக்கவில்லை என்றால் ஊரில் பேசியிருப்பார்களே. ஊரில் என்றால் எந்த ஊரில், தெற்குத் தெருவிலா, அங்கே யார் பேசியிருப்பார்கள்? எழுநூற்றைம்பது. ஒரு கணம் நின்று, குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் போன சைக்கிள்காரர், என்னம்மா முடியலையா என்றார். இல்லைங்க, அளக்குறேன் என்றாள். அவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார். கேட்டைத் தாண்டாமல் இடதுபக்கம் இறங்கினால் காலனி. தொள்ளாயிரம், ஆயிரம். இந்தத் தெருக்களை அவள் படத்தில் வரைந்திருக்கிறாள், வீட்டு எண் போட்டிருக்கிறாள், இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட உள்ளே வந்து நடந்ததில்லை. தண்ணீர்த்தொட்டி வந்தது. ஆயிரத்து நூற்று எண்பது. அது ஆடவில்லை, அப்படியே நின்றது. பதினாறு நிமிடம் என்று கணக்கு வந்தாலும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது இருபத்தொரு நிமிடம் ஆகியிருந்தது.

தொட்டியிலிருந்து பார்த்தால் சுவரின் இன்னொரு பக்கம் தெரிந்தது. இருபது முப்பது தப்படி. சுவருக்கு மேலே புங்கமரம், அண்ணன் வீட்டு மொட்டைமாடி, கொடியில் காயும் அண்ணியின் பச்சைச் சேலை. கையை நீட்டினால் எடுத்துவிடலாம் போல இருந்தது. இந்தப் பக்கம் சுவரில் பூச்சே கிடையாது, மூடப்பட்ட கதவின் சாம்பல் கல் தழும்பு மாதிரி அப்பட்டமாகத் தெரிந்தது, ஓரத்தில் கீல் மாட்டிய இரும்பு இரண்டு துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தது. இங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் தினமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். அவள் ஒருத்திக்குத்தான் கனவு. தொட்டிக்கு எதிரே அங்கன்வாடி. வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாள், இவள் வயதுதான் இருக்கும், நிமிர்ந்து பார்த்து, “யாரு மேடம், முனிசிபாலிட்டியா? கொழாய்க்கா?” என்றாள்.

“இல்லங்க. பலகை வைக்கப் போறோம். ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ தூரம்னு.”

“பலகையா? தூரம் எங்களுக்குத் தெரியாதா?” சிரித்தபடி, “உக்காருங்க, வேர்த்து ஊத்துது” என்று மணையைத் தள்ளிவிட்டாள். பேர் பஞ்சவர்ணம், இங்கே ஆயா வேலை, பதினெட்டு வருஷமாக. உள்ளே பிள்ளைகள் ஒன்று இரண்டு என்று கத்திக்கொண்டிருந்தன.

தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, குணசுந்தரி சுவரைக் காட்டினாள். “அது கதவா இருந்துச்சா?”

“தகரக் கதவு. மூணு வருசம் இருந்துச்சு. செவுரு கட்டும்போது இங்க ஆளுக தகராறு பண்ணாங்க, பஞ்சாயத்து பேசி, ஆஸ்பத்திரி அவசரம்னா தெறந்து விடுவோம்னு அந்தத் தெருக்காரங்க எழுதிக் குடுத்தாங்க. சாவி அவங்ககிட்ட.” கீரைத்தண்டைக் கிள்ளிப் போட்டாள். “எங்க தெறந்தாங்க? தட்டித் தட்டிப் பாத்துட்டு குளத்தைச் சுத்தித்தான் போவோம். அப்புறம் அதையும் அடைச்சிட்டாங்க.”

“ஒரு நாள் மத்தியானம்… கோடை லீவு சமயம். ஒரு பிள்ளைத்தாச்சியக் கூட்டிட்டு வந்து தட்டுனாங்களாமே. அவங்களுக்கு என்ன ஆச்சு?” தட்டினார்களாமே என்று எவ்வளவு இயல்பாக வந்துவிட்டது, யாரோ சொல்லிக் கேட்ட மாதிரி.

பஞ்சவர்ணம் யோசித்தாள். நிஜமாகவே உதவி செய்ய வேண்டும் என்ற நினைப்போடு யோசித்தாள், அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. “எந்த மத்தியானம்னு சொல்றது மேடம்? செல்லக்கிளியக் கூட்டிட்டுப் போனோம், அவளுக்குக் குளத்தங்கரையிலயே பெறந்துருச்சு, அந்தப் பய இப்ப மினிபஸ் ஓட்டுறான். எங்க சின்னம்மா மக ஒருத்தி, அவ ஆஸ்பத்திரி போய்ச் சேரல. இன்னும் ரெண்டு மூணு பேரு. எங்க அக்காவுக்கு நானே போய்த் தட்டியிருக்கேன், அப்ப எனக்குப் பதிமூணு வயசு. உள்ள இருந்து ஒரு சின்னப்பிள்ளைக் கொரலு, சாவி இல்ல, சாவி இல்லங்கும்.”

“ஒரு தடவதானே?”

“எங்க ஒரு தடவ. ரெண்டு மூணு வாட்டி அந்தக் கொரல நானே கேட்டிருக்கேன். சில நேரம் ஆம்பளைக் கொரலும் வரும். ஆனா அந்தப் பிள்ள நல்லா மணி மாதிரி சொல்லும்.” அவள் சொன்னதில் கோபம் ஒன்றும் இல்லை. “நீங்க ஏன் மேடம் ஒரு மாதிரி ஆயிட்டீங்க? இன்னொரு செம்பு தரட்டா?”

ரெண்டு மூணு வாட்டி. குணசுந்தரி உட்கார்ந்தபடியே பின்னால் போய்த் தேடினாள். கல்யாணத்துக்கு எல்லோரும் போன மத்தியானம், அது ஒன்று. இரும்பு வாசனை, அது ஒன்று. இன்னொன்று எங்கே? அப்பா வீட்டில் இருந்தபோது, அவர் நாற்காலியில் சாய்ந்தபடி, போய் சாவி இல்லன்னு சொல்லு குணா என்று சொல்லியிருக்கிறாரா? சொன்ன மாதிரியும் இருந்தது. சொல்லச் சொல்லிவிட்டு அவர் பேப்பரைத் திருப்பிய சத்தம் கூடக் கேட்டது, ஆனால் அது இப்போது, இந்த நிமிஷம், இந்தப் பெண் சொன்னதால் அவள் மனம் புதிதாகக் கட்டிக்கொள்கிற சத்தமா? பன்னிரண்டு வயதில்லை, பதினொன்று, பத்து? மூன்று வருஷம் கதவு இருந்தது என்கிறாள். அப்படியானால் சாவி எங்கே தொங்கும் என்று அவளுக்கு அவ்வளவு நன்றாக எப்படித் தெரிந்தது, காலண்டரை விலக்காமலே பின்னால் கை விட்டு எடுத்தாளே? பழகிய கை. இல்லை, எடுத்ததே ஒரு தடவைதான். இல்லை. வேறு பிள்ளையாக இருக்கலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஆனால் கடைசி வீடு அவர்கள் வீடு. ஒரே ஒரு பெண்ணை முப்பத்தாறு வருஷமாகச் சுமந்துகொண்டு வந்தாள், பேர் தெரியாத ஒருத்தி, அவளுக்காக எத்தனையோ ராத்திரி வேண்டிக்கொண்டிருக்கிறாள். இப்போது பார்த்தால் ஒருத்தி இல்லை, வரிசையாக நிற்கிறார்கள். மிச்சப் பேரை எங்கே போட்டாள்? சின்னம்மா மக என்று சொன்னாளே, அவள் பேர் என்ன? கேட்க வாயெடுத்தாள், கேட்டால் பேர் வந்துவிடும்.

“அவங்க பேரு என்ன?” என்று கேட்டுவிட்டாள். “உங்க சின்னம்மா மக.”

“ஆண்டிச்சி. ஏன் மேடம்?”

போன் அடித்தது. ரியாஸ்.

“மேடம், பன்னெண்டாச்சு. பெயிண்டர் இங்கயே உக்காந்திருக்காரு. இருபத்தேழு மட்டும்தான். முந்நூற்றுப் பத்து, நாலு நிமிடம், ஓகேவா?”

ஓகே என்று சொன்னால் முடிந்துவிடும். முந்நூற்றுப் பத்து என்று பலகை இங்கே நிற்கும், அம்பு நேராகச் சுவரைக் காட்டும், வெளியூர்க்காரி ஒருத்தி வலியோடு அதைப் பார்த்து நடந்தால் மூடிய கதவுக்கு முன்னால் போய் நிற்பாள், இந்தத் தடவை பொய் சொல்ல ஒரு குரல் கூட இருக்காது. அதனால் ஆயிரத்து நூற்று எண்பது என்று போட வேண்டும். போட்டால்? நகராட்சியே பலகை எழுதிச் சுவரை ஒப்புக்கொண்டதாக ஆகும், இதுதான் வழி, எப்போதும் இதுதான் வழி, எனாமல் பெயிண்டில், இருபது வருஷத்துக்கு அழியாமல். முந்நூற்றுப் பத்துதான் சரி, ஏனென்றால் சந்து பொதுப்பாதை, அது இவர்களுக்குச் சேர வேண்டிய தூரம். முந்நூற்றுப் பத்து பொய், ஏனென்றால் யாராலும் நடக்க முடியாது. இரண்டையும் மாறி மாறி வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், இரண்டும் சரியாக இருந்தது, இரண்டும் தப்பாக இருந்தது. இதுவரை சரிபார்த்த நாற்பத்தொன்றிலும் இப்படி என்னென்ன இருக்கிறதோ. மேடம், லைன்ல இருக்கீங்களா என்றான் ரியாஸ். பஞ்சவர்ணம் கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரியாஸ், பலகையில ஆயிரத்து நூற்று எண்பது போடச் சொல்லுங்க. நிமிடம் இருபத்தொண்ணு.”

“என்ன மேடம்? மேப்ல…”

“மேப் நான் வரைஞ்சதுதான். தப்பா வரைஞ்சிருக்கேன். நடந்து பாத்துட்டேன். குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல எழுதுங்க, நான் சொல்லச் சொல்ல.” ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். “பூந்தோட்டச் சந்து நகராட்சிப் பொதுப்பாதை. அதன் வழியாக தூரம் முந்நூற்றுப் பத்து மீட்டர். சந்தின் தெற்கு முனையில் குறுக்கே சுவர் எழுப்பப்பட்டு, பாதை அடைக்கப்பட்டுள்ளது. சுவர் அகற்றப்பட்டதும் பலகை திருத்தப்பட வேண்டும்.”

விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. இடையில் நின்றது.

“மேடம், இது கமிஷனர் டேபிளுக்குப் போகும். இதுல உங்க கையெழுத்துதான் இருக்கும்.”

“தெரியும்.”

“ஆக்கிரமிப்புன்னு எழுதினா, யார் கட்டினதுன்னு பேரும் கேப்பாங்க. தெரியலன்னு போட்டுரட்டா? பழைய சுவர்தானே, யாருக்குத் தெரியும்.”

யார் கட்டினது? கொத்தனார் கட்டினார். தெருவே காசு போட்டது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நூல் பிடித்துக் காட்டினார், அதை அவள் பார்த்தாளா, யாரோ சொன்னார்களா? பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்தவர் யார்? சாவி அவங்ககிட்ட என்றாள் பஞ்சவர்ணம். அவங்க. அண்ணனுக்கு இன்று சாயங்காலமே செய்தி போய்விடும், நாளைக்குத் தெரு முழுக்க, பொங்கலுக்குப் போக ஒரு வீடு இருக்குமோ இருக்காதோ. அப்பாவின் படம் கூடத்தில் மாலையோடு. எல்லாம் கலங்கிக் கிடந்தது, எது பார்த்தது எது கேட்டது என்று பிரிக்க முடியவில்லை, பிரிந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால் அது பிரியப் போவதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

“தெரியும், ரியாஸ். எழுதுங்க. தெருக்காரங்க சேந்து கட்டினது. முன்னால நின்னு கட்டினவரு இராமையா. கதவு நம்பர் பன்னிரண்டு, பூந்தோட்டச் சந்து. இறந்துட்டாரு.”

“இராமையா… முன்னாடி ‘இ’ வருமா மேடம்?”

“வரும்.”

அவன் தட்டினான். பிறகு தட்டவில்லை. பட்டியலின் அடியில் அவள் பெயர் இருக்கும், முன்னால் ஒரே ஓர் எழுத்தோடு, அவன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று இங்கிருந்தே தெரிந்தது.

“மேடம்,” என்றான் மெதுவாக, “உங்க இனிஷியல்…”

“ஆமா,” என்றாள் குணசுந்தரி. பஞ்சவர்ணத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், கீரை முறம் மடியிலிருந்து மெல்ல இறங்குவதையும் பார்த்தாள். “அவருதான்.”